கிடா சிலுப்பாத ஞாயிற்றுக்கிழமை

கச்சிராயபாளையம்
வியாழன் காலை

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அப்பா எழுதுவது. அம்மா, தம்பி, நான் மூவரும் சுகம். உனக்குக் கழுத்து வலி குறைந்து சோறு தொண்டையில் இறங்குகிறதா என்பதை முதலில் சொல். போனில் கேட்டால் ஒண்ணுமில்லப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், தம்பி இதைப் படம் பிடித்து அனுப்புவான். கரும்பு வெட்டு முடிந்தது. தம்பி அறிவுச்செல்வன் கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறான் என்று அம்மாவுக்குச் சந்தேகம், எனக்குச் சந்தேகமே இல்லை.

குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த அந்தக் கூண்டுச் சண்டையில் பத்துக்கு ஒன்பது ஜெயித்தாய், ஒன்பதும் பிடி போட்டே. பாங்காக்கில் பட்டத்துக்கான ஆட்டம் என்றதும் அய்யனாருக்குக் கிடா நேர்ந்தேன், மலையில் ஆடு மேய்க்கும் கரியன் ஓட்டிவந்த கறுப்புக் கிடா. ஞாயிறு மூன்று மணிக்கு உன் ஆட்டம், அதே நேரம் இங்கே பூசை, தம்பி போனில் பார்த்துக்கொண்டு நின்றான். மாயவன் பூசாரி மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சம்மதம், பிறகுதான் கத்தி என்பது உனக்குத் தெரியும். மூன்று சொம்பு ஊற்றியும் காதுகூட அசையவில்லை. இன்னாப்பா இது, கல்லாட்டம் நிக்குது என்றார் பூசாரி. அப்போது அது முன்னங்காலை மடக்கிப் படுத்து, வாயைத் திறந்து, சத்தமே வராமல், குளம்பால் என் பாதத்தில் மூன்று முறை தட்டியது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. அந்த நேரம் தம்பி, அக்கா கழுத்து மாட்டிக்கினு இருக்குது, தட்ட மாட்டேங்குதுப்பா என்று அழுதான். நான் போனைப் பார்க்கும்போது நீ நினைவில்லாமல் கண் திறந்தபடி கிடந்தாய், நடுவர் உன் கழுத்திலிருந்து எதிராளியின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தோற்றேன் என்று கையால் மூன்று முறை தட்டியிருந்தால் அவளே விட்டிருப்பாள். நீ எழுந்து உட்கார்ந்த பிறகுதான் கிடாவும் எழுந்தது.

ஏன் தட்டவில்லை என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், நான் கேட்க முடியாது. பத்து வயதில் கள்ளக்குறிச்சி ஜூடோ போட்டியில் தட்டித் தோற்றாய். டவுன் பஸ்ஸில் உன்னோடு பேசாமலே வந்து, இறங்கும்போது, கை ஒடிஞ்சாலும் பரவால்ல, இனிமே தட்டிட்டு என் வூட்டுக்கு வராத என்றேன். நீ சரிப்பா என்றாய். நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன்.

பூசாரி வெட்ட மறுத்துவிட்டதால் கிடா நம் கொட்டகையில்தான் இருக்கிறது. கயிறு காலில்தான், கழுத்தில் போட்டதே இல்லை. ஆனாலும் கழுத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மயிர் படிந்து கிடக்கிறது, அம்மா எவ்வளவு தடவியும் நிமிரவில்லை. கரியனை வரவழைத்துக் காட்டினேன். நோவு எதுவும் இல்லீங்க, எதுக்கோ காத்துக்கினு இருக்குது என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் மலையேறிவிட்டான். நேற்று காலை பதினொரு மணிக்குத் தண்ணீர் வைக்கப் போனேன், படுத்து மறுபடி என் பாதத்தில் மூன்று தட்டு. ஆறு வாரம் கழுத்தில் யார் கையும் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீதானே சொன்னாய். நேற்று அந்த நேரம் பயிற்சியில் இருந்தாயா? யாராவது பிடித்தார்களா? மறைக்காமல் சொல்.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் கண்ணு. எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எத்தனை முறை தட்டிவிட்டு வந்தாலும் இது உன் வீடு. வெந்நீர் ஒத்தடம் கொடு, மாத்திரையை விட்டுவிடாதே. அய்யனார் உன் மூச்சுக்குக் காவல் இருக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
வெங்கடேசன்

பி.கு. கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் கிடா படுத்துவிட்டது. ஓடிப்போய் அதன் குளம்புக்குப் பக்கத்தில் என் பாதத்தை வைத்தேன். தட்டவில்லை. கண் திறந்தபடி கிடக்கிறது. தம்பி உன் நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறான், ரிங் போகிறது. எடு பாப்பா.