ஓடைக் கரையில் போட்ட வேலி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மாடுகள் நலம், அப்பா நலம், அந்த வரிசையில் கடைசியாக நானும் நலம். நீயும் மாப்பிள்ளையும் என் செல்லக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டால் எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். குட்டிக்குச் சளி விட்டதா? தலை துவட்டும்போது காதுக்குப் பின்னாலும் துடைத்துவிடு, நீ அவசரக்காரி.

சேதிக்கு வருகிறேன். போன தடவை நீ வந்திருந்தபோது குட்டி ஓடையில் இறங்குவேன் என்று அடம்பிடித்தாளே, மாடெல்லாம் நின்னு சாணி போடுற தண்ணியில என் பிள்ளைய இறக்க மாட்டேன் என்று நீயும் பட்டென்று சொன்னாயே, அன்றைக்கு முறுக்கிக்கொண்டவர்தான் உன் அப்பா. நான் பொறந்ததுலேருந்து குளிச்ச தண்ணி, எனக்கு என்ன ஆயிடுச்சு என்று மாடுகளிடம்கூட முறையிட்டுப் பார்த்தார். நீ கிளம்பிப் போனதிலிருந்து போனைக் கையில் வாங்குவதே இல்லை. ஆனால் நீ பேசும்போதெல்லாம் கதவோரம் வந்து நின்றுகொண்டு எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்வார், சாப்பிட்டாளா என்று என்னிடம் சாடையில் கேட்பார். இப்படியே இரண்டு பேரும் பேசாமல் இருந்துவிடுவீர்களோ என்று நான் கிடந்து தவித்தது உனக்குத் தெரியாது.

மழை ஓய்ந்ததும் ஒரு நாள் கல்தூண்களும் கம்பிச் சுருளும் வந்து இறங்கின. எதற்கு என்றேன். மாடு ஏறி இறங்கிக் கரை சரியுது, நல்ல மண்ணெல்லாம் தண்ணியோட போகுது, அதுக்குத்தான் என்றார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. ஓடையோரம் நெடுக வேலி போட்டார். கொட்டகை கழுவுகிற தண்ணீர் நேராக ஓடைக்குத்தானே போய்க்கொண்டிருந்தது, அதற்குக் குழி வெட்டி, சிமென்ட் பூசி, தேக்கி வைத்துத் தீவனப்புல்லுக்குத் திருப்பினார். சாணிக் குவியலையும் ஓடையை விட்டுத் தள்ளி மாற்றினார். மாடுகள் குடிக்க வேலிக்கு இந்தப் பக்கம் பெரிதாக ஒரு தொட்டி கட்டினார். எல்லாம் முடிந்து நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால் பால் குறைந்துவிட்டது. மாடுகள் சோர்ந்து நிற்கின்றன. அப்பாவுக்கு வந்ததே கோபம், இதுங்களுக்குத் தொட்டித் தண்ணி ஒத்துக்கல, மகளுக்காகப் போட்ட வேலி மாட்டைக் கொல்லுது என்று குறடைத் தூக்கிக்கொண்டு கம்பியை வெட்டக் கிளம்பிவிட்டார். கரைக்காக இல்லை, மண்ணுக்காக இல்லை, மகளுக்காக! வாய் தவறி வந்துவிட்டது பாவம். நான் கேட்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

கையைப் பிடித்து நிறுத்தி, ஒரு மத்தியானம் பார்த்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள் என்று கொட்டகை நிழலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது கூத்து. நம் கறுப்புப் பசு இருக்கிறாளே, நான் மாமியார் என்று பெயர் வைத்தேனே (ஏன் அந்தப் பெயர் என்று அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை), அவள் குடித்து முடித்த பிறகும் தொட்டியை விட்டு நகரவில்லை. வேறு மாடு கிட்டே வந்தால் தலையைக் குனிந்து ஒரு முட்டு. ஓடையில் இடம் தாராளமாக இருந்தது, அவள் அதிகாரம் அங்கே செல்லவில்லை. ஒரே தொட்டி என்றதும் ராஜ்ஜியம் கையில் வந்துவிட்டது. நாங்கள் இதை யோசிக்கவே இல்லையே என்று இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பழைய நீல டிரம்மை நெடுக்காக அறுத்து எதிர் மூலையில் இன்னொரு தொட்டி வைத்தார். முதல் நாள் அங்கேயும் இங்கேயும் ஓடிப் பார்த்த மாமியார், மறுநாள் அலுத்துப்போய்ப் படுத்துவிட்டாள். பால் பழையபடி வந்துவிட்டது, வேலியும் பிழைத்தது.

நேற்றுச் சாயங்காலம் ஓடைப் பக்கமிருந்து அப்பா சத்தம் போட்டுக் கூப்பிட்டார். எந்த மாடு விழுந்ததோ என்று அடித்துப் பிடித்து ஓடினேன். கரையெல்லாம் புல் மூடிக் கிடக்கிறது, இவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கீழ பாரு, கீழ பாரு என்கிறார். பார்த்தேன். மாடு மிதித்துக் கோணலாகிப் போன அவருடைய கால் கட்டைவிரல் தண்ணீருக்கடியில் அப்படியே தெரிகிறது. இப்போ குட்டி இறங்கலாம் இல்ல என்று என்னைக் கேட்டார். பார்க்கத் தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, உங்கள் மகள் விடமாட்டாள் என்றேன். இன்று காலையே பாட்டிலில் பிடித்துக்கொண்டு தண்ணீர்ப் பரிசோதனைக்குக் கொடுக்கப் போயிருக்கிறார்.

முடிவு வந்ததும் அவரே உன்னோடு போனில் பேசுவாராம், நான் முந்திக்கொள்ளக் கூடாதாம். அதனால் அவர் சொல்லும்போது, அப்படியாப்பா என்று இப்போதுதான் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள். கோணல் விரல் கதையை அவரே சொல்லட்டும், நடுவில் சிரித்துக் காட்டிக் கொடுத்துவிடாதே. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து நன்றாக இருக்க வேண்டும். லீவுக்கு வரும்போது குட்டிக்கு மாற்றுத் துணி கூடுதலாக எடுத்து வை. தாத்தா அவளைச் சீக்கிரம் கரையேற விடமாட்டார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா