எல்லையம்மனின் முதுகு

விக்கன்போர்ன்,
இங்கிலாந்து.
10 மே 1970

அன்புள்ள அப்பாவுக்கு,

மங்கை வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்றுதான் முதலில் கேட்பீர்கள். இந்த ஊரில் தேங்காய் எண்ணெய் இளகிப் பாட்டிலை விட்டு இறங்குவதே மே மாதத்தில்தான். இப்போது இறங்குகிறது, வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் இங்கே ஒன்று பார்த்தேன். உங்களிடம் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே கிளம்பி எல்லையைச் சுற்றி வருகிறது. முன்னால் பாதிரியார், பின்னால் கசாப்புக்கடைக்காரர், போஸ்ட்மேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லோரும். வயல் குறுக்கிட்டால் வயலில் இறங்குகிறார்கள், ஓடை குறுக்கிட்டால் முழங்கால் தண்ணீரில் நடக்கிறார்கள். ஒரு வீடு சரியாக எல்லையின் மேலேயே இருக்கிறது. அதன் சமையலறை ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துக் கொல்லைக் கதவு வழியாக வெளியே போனோம். அந்த வீட்டுக்காரி எல்லோருக்கும் கேக் கொடுத்தாள். ஒவ்வொரு எல்லைக்கல் வந்ததும் பிள்ளைகள் குச்சியால் அதை அடிக்கிறார்கள். பிறகு ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கி அதன் தலையைக் கல்லில் மெல்ல முட்டுகிறார்கள்! அப்படி முட்டினால்தான் பிள்ளை சாகும்வரை ஊர் எல்லையை மறக்காதாம்.

எழுநூறு வருஷமாக இப்படி நடக்கிறதாம். கோயில் சுவரில் அந்தக் காலத்திலிருந்து இருந்த பாதிரியார்களின் பெயர்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தபடி நெடுநேரம் நின்றுவிட்டேன். நம் ஊரில் இருப்பதிலேயே பழசு எது என்று யோசித்தேன். நீங்கள்தான் அப்பா.

என் வார்டில் இடுப்பெலும்பு முறிந்து மிஸ் பார்ஜிட்டர் என்று ஒரு கிழவி படுத்திருக்கிறாள். நான் அந்தமான் என்று தெரிந்ததும் என் கையை விடவே இல்லை. அவள் அப்பா அங்கே காட்டிலாகா அதிகாரியாம். எட்டு வயது வரை அங்கே இருந்தாளாம். இன்னும் தண்ணீர் வேண்டுமென்றால் இந்தியில் 'பானி லாவ்' என்று என்னை அதிகாரம் பண்ணுகிறாள். இந்த ஊருக்குத் திரும்பின வருஷம் அவள் தலையையும் கல்லில் முட்டினார்களாம். "அன்றைக்குத்தான் இந்த ஊர்க்காரி ஆனேன்" என்கிறாள்.

இப்போது முக்கியமான விஷயம். என்னை வார்டு சிஸ்டராக நிரந்தரமாக்குகிறேன் என்று மேட்ரன் சொல்கிறார்கள். வருஷக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது அப்பா. மெட்ராஸில் நர்ஸ் படிப்பு முடிந்து, இங்கிலாந்து ஆஸ்பத்திரிப் பெயர்களை எங்கள் முன்னால் நீட்டினபோது என் விரல் ஏன் இதன் மேல் போனது என்று இன்றும் தெரியவில்லை, ஏதோ பழகின பேர் மாதிரி இருந்தது. ஆனால் உங்கள் வாயால் சரி என்று சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

உங்களுக்கு இங்கிலீஷில் விலாசம் எழுதும் சிரமம் வேண்டாம் என்று, என் விலாசம் எழுதிய கவர்கள் வைத்திருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்,
மங்கையர்க்கரசி


சிவமயம்

சௌல்தாரி போஸ்ட்,
தெற்கு அந்தமான்.
6 ஜூன் 1970

மங்கைக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

கடிதம் வந்தது. மழை பிடித்துக்கொண்டது. நாற்றங்கால் தயார். பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

நாம் கல்லில் தலையை வைத்தால் மூடநம்பிக்கை, வெள்ளைக்காரன் வைத்தால் சரித்திரமா? நன்றாக இருக்கிறது போ. உன் தலையையும் கல்லில் வைத்திருக்கிறது, அது உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு அப்போது ஐந்து வயசு.

நாம் வந்த வருஷம் அது. சர்க்கார் காட்டைக் காட்டி 'வெட்டிக்கொள்' என்றது. பட்வாரி சங்கிலி போட்டு அளந்து ஆளுக்கு நிலம் கொடுத்தான். எல்லாம் கிடைத்தது, சாமி இல்லை. எல்லையில் காவல் இல்லாத ஊரில் பிள்ளைகுட்டியோடு எப்படிப் படுப்பது? காடு வெட்டும்போது, கொடி மூடிய ஒரு செங்கல் தரைக்குப் பக்கத்தில் கல் ஒன்று கிடந்தது. இடுப்புயரம், ஆள் செதுக்கின கல். காட்டுக்குள் இது எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் பொழுதில்லை. நமக்கு முன்னாலேயே வந்து அம்மன் காத்திருக்கிறாள் என்றோம்.

நடுவதற்குள் உனக்குக் காய்ச்சல். போர்ட் பிளேர் போகப் பாதை எல்லாம் சேறு. உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்துக் கிடந்த அந்தக் கல்லின் மேல், பாசி பிடித்த பக்கத்தில், உன் தலையை வைத்தாள். 'இவளை நீயே வைத்துக்கொள், எங்கே வைத்தாலும் உயிரோடு வை' என்றாள். கொட்டுகிற மழையில் நான் தாழை ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் நீ கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாய். மறுநாளே வழவழப்பான முகம் ஊரைப் பார்க்க, பாசி பிடித்த முதுகு காட்டைப் பார்க்க நட்டோம்.

உன் அம்மா போன பிறகு வெள்ளிக்கிழமை விளக்கு என் பொறுப்பு. 'என் பெண்ணைக் கொண்டுவந்து சேர்' என்பதைத் தவிர அவளிடம் நான் வேறொன்றும் கேட்பதில்லை. இப்போது ஊரே சேர்ந்து அவளுக்குக் கட்டடம் எழுப்புகிறது. தை மாதம் கும்பாபிஷேகம். அதற்குள் வந்துவிடு. டெய்ரி ஃபார்ம் பக்தவத்சலத்தின் பையன் ஹார்பரில் வேலை பார்க்கிறான், உன்னைப் பெண் கேட்டு இரண்டு தரம் விசாரித்துவிட்டார்கள்.

விரல் தானாகப் போனதாம். கண்ணைத் திறந்துகொண்டு வைத்திருக்கலாம். கையெழுத்து வேண்டாம்.

அப்பா,
திருநாவுக்கரசு


சிவமயம்

சௌல்தாரி போஸ்ட்,
20 ஆகஸ்ட் 1970

மங்கைக்கு,

இதைப் படித்துவிட்டு அந்த நிமிஷமே பதில் போடு.

கர்ப்பக்கிருகத்தில் வைப்பதற்கு முன் அம்மனைச் சுத்தம் பண்ணச் சொன்னேன். கொத்தனார் சொக்கலிங்கம் சீயக்காய் போட்டுத் தேய்த்தான். முன்பக்கம் பளிச்சென்று வந்தது. முதுகில் பாசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் சுரண்டினவன் திடீரென்று கையை எடுத்துக்கொண்டான். "பெரியவரே, இங்க வந்து பாருங்க" என்றான். குரலே மாறியிருந்தது.

எழுத்து, மங்கை. இங்கிலீஷ் எழுத்து. ஒரு வரி பெரிதாக, அதன் கீழே அரித்துத் தேய்ந்த எண் மாதிரி.

வெள்ளைக்காரன் கல்லறையில் இப்படித்தான் பெயரும் வருஷமும் செதுக்குவான். ரோஸ் தீவில் நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருத்தருடைய சமாதிக் கல்லைப் பெயர்த்து வைத்து இருபது வருஷம் மஞ்சள் பூசிக் கும்பிட்டோமா? பிள்ளைகளுக்கு அங்கேதான் முடி இறக்கினோம். உன் அம்மா உன் தலையை அதில் வைத்தாளே.

கல்லைப் புதுத் துணியால் மூடிவிட்டேன். ஊர்க்காரர்களிடம், முகூர்த்தம் வரைக்கும் அம்மனைப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சொக்கலிங்கம் எழுத்தை உளியால் கொத்தி எடுத்துவிடலாம் என்கிறான். இங்கே பட்வாரிக்கும் வாத்தியாருக்கும் இங்கிலீஷ் தெரியும். அவர்களிடம் காட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும். உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? தாளைக் கல்லின் மேல் வைத்துக் கரித்துண்டால் தேய்த்து எழுத்தை எடுத்திருக்கிறேன். மடித்து இத்துடன் வைக்கிறேன். செத்தவர் யார் என்று படித்துச் சொல். ஆணா, பெண்ணா, குழந்தையா?

நீ அனுப்பிய கவரில் இது கடைசி.

அப்பா


விக்கன்போர்ன்,
13 செப்டம்பர் 1970

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் பயத்தை விடுங்கள். அது கல்லறைக் கல் இல்லை. யாரும் சாகவில்லை. மெதுவாகப் படியுங்கள்.

தாளைப் பிரித்ததும் என் விலாசத்தைத்தான் நீங்கள் கரியால் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அப்பா, உங்கள் கல்லில் விக்கன்போர்ன் என்று எழுதியிருக்கிறது. கீழே ஐயாயிரத்து ஐந்நூறு மைல். அது ஒரு மைல்கல்.

தாளை எடுத்துக்கொண்டு மிஸ் பார்ஜிட்டரின் வீட்டுக்கு ஓடினேன். இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு சின்னப் பெண் மாதிரி சிரித்தாள்.

"இது எங்கள் அப்பா செய்த விளையாட்டு" என்றாள்.

அவள் அப்பாவுக்குக் காட்டில் ஒரு பங்களா இருந்ததாம், சௌல்தாரிக்கு அந்தப் பக்கம். அந்தச் செங்கல் தரை அதுதான் போலிருக்கிறது. அவருக்கு ஊர் ஞாபகம் வந்தால் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டாராம். ஒரு கிறிஸ்துமஸுக்கு, கல் செதுக்கத் தெரிந்த கைதி ஒருவரை வைத்து இந்த மைல்கல்லைச் செய்து வாசலில் நட்டாராம். எல்லை சுற்றும் நாள் வந்ததும் அங்கே ஊர்வலம் போக ஊரும் இல்லை, ஆளும் இல்லை. மகளை மட்டும் தூக்கித் தலையைக் கல்லில் முட்டி, 'நீ எந்த ஊர் என்று மறக்கக்கூடாது' என்றாராம். அவருக்கு ஊர் திரும்பக் கொடுத்துவைக்கவில்லை. வழியில் கப்பலிலேயே இறந்துபோனார்.

நீங்கள் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி விளக்கு வைப்பதைச் சொன்னேன். "அப்பாவின் கல்லுக்கா? இப்போதுமா?" என்றாள். அந்தத் தாளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். அழுதோம், இரண்டு பேருமே.

என் தலை வைத்த கல்லில்தான் அவள் தலையும் முட்டியிருக்கிறது, அப்பா. என் விரல் ஏன் இந்தப் பெயர் மேல் போனது என்பதும் இப்போது விளங்கிவிட்டது. நீங்கள் பூசை பண்ணும்போது நான் அம்மனுக்குப் பின்னால் உட்கார்ந்து விளையாடுவேன், ஞாபகம் இருக்கிறதா? பாசிக்குள் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். விரலை விட்டு ஓட்டுவேன், அதே மாதிரி மண்ணில் கிறுக்குவேன். அது எழுத்து என்றே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே இந்த ஊரை எழுதிப் பழகியிருக்கிறேன்.

ஊருக்குச் சொல்வதா, மறைப்பதா என்பதை உங்களிடம் விடுகிறேன். கொத்த மட்டும் வேண்டாம் அப்பா. வேலை விஷயமும் அப்படியே. நீங்கள் வா என்றால் தைக்குள் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன், மனத்தாங்கல் வைத்துக்கொள்ளமாட்டேன்.

வேறு கவர்கள் வைத்திருக்கிறேன்.

உங்கள்
மங்கை


சிவமயம்

சௌல்தாரி போஸ்ட்,
22 நவம்பர் 1970

மங்கைக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு பல நாள் திரிந்தேன். சொக்கலிங்கம் உளியைத் தீட்டிக்கொண்டு வந்து வந்து போனான். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது துணி போட்ட அம்மனை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. கார்த்திகை முதல் தேதி ஊர் கூடினபோது துணியை எடுத்துவிட்டு, உன் கடிதத்தை உரக்கப் படித்தேன்.

ஒரே கூச்சல். "அரே, மைல்கல்லுக்கா பொங்கல் வச்சோம்?" என்று கோவிந்தராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். வேறு கல் வாங்க மேன்லாண்டுக்கு ஆள் அனுப்பலாம் என்றான் ஒருவன். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த தனபாக்கியம் உனக்குத் தெரியாது. போன வருஷம் வந்தவள், கூட்டத்தில் பேசியே நான் பார்த்ததில்லை. அவள் எழுந்தாள்.

"அந்தக் கல்லு என்னா சொல்லுது? சொந்த ஊரு எம்புட்டுத் தொலைன்னு சொல்லுது. இந்த பஸ்திக்கு வந்து எறங்குன அன்னைக்கி நாம அத்தன பேரும் அதத்தானே நெனச்சிக்கிட்டுக் கெடந்தோம்? அவனும் நம்மளாட்டம் ஊரை வுட்டு வந்தவன்தான். புள்ள தலைய வச்சு, ஊர மறந்துடாதேன்னு அழுதிருக்கான். அது சாமி இல்லன்னா எது சாமி?"

கோவிந்தராஜ்தான் முதலில் விழுந்து கும்பிட்டான்.

எழுத்தைக் கொத்தவில்லை. முகம் ஊரைப் பார்க்கட்டும், பின்சுவர் வைக்காமல் எழுத்து காட்டுப் பாதையைப் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. நேற்று நானே அந்தப் பள்ளங்களில் மஞ்சளைக் குழைத்து அப்பினேன். நீ கவரில் எழுதியிருக்கும் ஊரும் அதுவும் ஒன்றுதானா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ வளைத்து வளைத்து எழுதுகிறாய், எனக்கு ஒற்றுமை தெரியவில்லை. நம்புகிறேன்.

மங்கை, வெள்ளிக்கு வெள்ளி அவள் முன்னால் நின்று 'என் பெண் எங்கே, என் பெண் எங்கே' என்று கேட்டேன். பதிலை அவள் முதுகில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான்தான் சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. உன் அம்மா 'எங்கே வைத்தாலும் உயிரோடு வை' என்று கேட்டாள். அவள் கேட்டபடிதான் நடந்திருக்கிறது. குறுக்கே விழ நான் யார்?

கையெழுத்துப் போடு. பக்தவத்சலத்திடம் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான், எனக்கும்தான். இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். லீவு கிடைக்கும்போது வா. அதுவரை விளக்கேற்றினதும் பின்பக்கம் போய் அந்த எண்ணின் மேல் கொஞ்ச நேரம் கையை வைத்துக்கொள்கிறேன்.

அந்த அம்மாளிடம் சொல்: அவள் அப்பாவின் கல்லுக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூட விளக்குத் தவறியதில்லை, இனியும் தவறாது. அடுத்த தரம் நீங்கள் எல்லை சுற்றும்போது ஏதாவது ஒரு கல்லில் எனக்காகவும் ஒரு தட்டுத் தட்டு.

குளிர் வந்திருக்குமே. எண்ணெய் உறைந்தால் பாட்டிலை அடுப்புக்குப் பக்கத்தில் வை, இளகும்.

அப்பா,
திருநாவுக்கரசு