காதர் பாய் காருக்கு வேறு கியர் பாக்ஸ்

1959 அக்டோபர் 5, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஷெட் தகரம் மேற்கு மூலையில் ஒழுகுகிறது. தார் பூச வேண்டும்.

காதர் பாய் காரைப் பிரித்தேன். கீரனூரில் வாடகைக்கு ஓடும் ஒரே கார். எனக்கு வயது முப்பத்திரண்டு, அதற்கும் ஏறக்குறைய அதுதான். என்ஜினில் குறை இல்லை. கியர் பாக்ஸில் நாலு பல் உடைந்து எண்ணெயில் கிடந்தது. அந்தக் கம்பெனியே மூடியாயிற்று. சாமான் எங்கே போய்த் தேடுவது?

பாய் மாட்டு வண்டியில் ஒரு கியர் பாக்ஸ் கொண்டுவந்து இறக்கினார். “பட்டாளத்து ஏலத்துல எடுத்த வேனுல உள்ளது, சவரி. புது மாடலு. கியரு மாத்த கிளச்ச ரெண்டு தடவ மிதிக்க வேணாமாம். இத நம்ம வண்டியில மாட்டிரு.”

“மாட்டலாம் பாய்” என்றேன். வாய் முந்திக்கொள்கிறது எனக்கு.

பார்த்தால், என்ஜினில் ஆறு ஓட்டை, பாக்ஸில் நாலு. ஒன்றும் சேராது. நடுவில் ஓர் இரும்புத் தட்டு வைத்து, ஒரு பக்கம் அதற்கும் மறுபக்கம் இதற்கும் ஓட்டை போட வேண்டும். இரண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அக். 6, செவ்வாய்

ஏழு மணி பஸ்ஸில் திருச்சி. வாங்கியவை: அரை அங்குலத் தகடு, பித்தளைத் துண்டு, மனைவி லூர்துவுக்கு இருமல் மருந்து.

லேத் ராமையா தட்டைக் கடைந்து கொடுத்தார். “ஓட்டை மட்டும் நீ வண்டியில வச்சுப் பாத்துப் போட்டுக்க. நான் இங்கேருந்து போட்டா கணக்குத் தப்பும்.”

வரும்போது நான் முன்பு வேலை பார்த்த பழைய ஒர்க்‌ஷாப் வழியாகப் பஸ் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னோடு வேலை பார்த்த துரைராஜ் அன்று அங்கேதான் லாரியைச் சோதித்துக்கொண்டிருந்தான். இதே மாதிரி ஒட்டுப்போட்ட கியர் பாக்ஸ். என்ஜினை ஏற்றியதும் உள்ளே கிளச் தட்டு உடைந்து, கால் வைக்கும் பலகையைப் பிளந்துகொண்டு வந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. அந்த வேலை நான் செய்ததல்ல. ஆனால் அவனைத் தூக்கியவன் நான். அதற்குப் பிறகுதான் அங்கே இருக்க முடியாமல் கீரனூர் வந்தேன்.

அக். 8, வியாழன்

வெயில். நேற்று முழுக்க ஓட்டை போடும் வேலை. இன்று பூட்டினேன். ஆறில் நாலு போல்ட் இறங்கியது. இரண்டு இறங்கவில்லை. அரத்தால் ராவி ஓட்டையை நீளமாக்கினேன். இறங்கிவிட்டது.

செய்திருக்கக் கூடாது.

மையம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். மூன்று கோட்டுக்கு மேல் ஊசி ஆடக் கூடாது. பன்னிரண்டு கோடு ஆடியது. மறுபடி சுற்றினேன். பன்னிரண்டு.

அந்த நேரம் பார்த்துக் கா.பாய் வந்தார். “முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு பாய்.”

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. வண்டி நின்றுபோனதிலிருந்து இரண்டு வாரமாக அவர் பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அது காரணமா? அல்லது தப்பு செய்தேன் என்று சொல்ல வெட்கமா?

சோறு இறங்கவில்லை. லூர்து, “ஏங்க, ஒடம்புக்கு என்ன பண்ணுது?” என்றாள். வெயில் என்றேன்.

அக். 9, வெள்ளி

தொழுகை முடிந்து கா.பாய் வந்து வண்டியை எடுத்தார். கண்மாய்க் கரை வரை போய் வந்தோம். சின்னப் பிள்ளை போலச் சிரிக்கிறார். “லேசா தள்ளுனாப் போதும், தானா விழுதுப்பா கியரு!” டீக்கடையில் எல்லாரும் என் முதுகைத் தட்டினார்கள்.

மூன்றாவது கியரில் அடியில் ஓர் ஊளை. அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கேட்டது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். போகும்போதும் வரும்போதும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு அன்று அன்னவாசல் போகிறாராம். மகள் ஜமீலாவுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்கு அழைத்து வர.

அக். 10, சனி

மழை. இரண்டு தடவை அவர் வீடு வரை போனேன். இரண்டு தடவையும் வாசலிலிருந்து திரும்பினேன். உள்ளே தொட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

லாரி கிளச் வேலை ஒன்று வந்தது. தொடவில்லை. திங்கள் வரச் சொன்னேன்.

அக். 11, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். வண்டி இருட்டோடே புறப்பட்டுவிட்டது.

சைக்கிளை எடுத்தேன். அன்னவாசல் ரோடு முழுக்கச் சேறு. நாலு மைல் போயிருப்பேன், எதிரே கார் வந்தது. ஊளை முதலில் கேட்டது, பிறகுதான் வண்டி தெரிந்தது. நடுரோட்டில் சைக்கிளைப் போட்டுக் கையை விரித்து நின்றேன்.

“என்னப்பா, என்ன ஆச்சு?”

எல்லாம் சொன்னேன். ராவியது, பன்னிரண்டு கோடு, துரைராஜ் கால். பின்சீட்டில் ஜமீலா. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

கா.பாய் என்ஜினை அணைத்தார். என்னை அடித்தால் தேவலை என்று இருந்தது.

“அத்தா, எறங்குங்க மொதல்ல” என்றாள் ஜமீலா.

பின்னால் வந்த கூண்டு மாட்டு வண்டியை நிறுத்தி அவளை ஏற்றி அனுப்பினார். பிறகு காரின் கதவைத் திறந்தார். “நீ ஓட்டு. நான் பக்கத்துல ஒக்காந்து வாரேன்.”

இரண்டாவது கியருக்கு மேல் போகவில்லை. நாலு மைலுக்கு ஒரு மணி நேரம். என் கால் பலகையில் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். அவர் ரோட்டையே பார்த்து வந்தார்.

ஷெட்டில் அவர் எதிரிலேயே பிரித்தேன். கிளச் தட்டின் நடுவில் எட்டு ரிவிட்டில் மூன்று இல்லை. இரண்டு ஆடிக்கொண்டிருந்தது. ஷாப்ட் முனை சூட்டில் நீலமாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அக். 12, திங்கள்

யாரும் வரவில்லை. லாரிக்காரனும் வரவில்லை. ஊருக்குள் தெரிந்திருக்கும். லூர்துவிடம் சொன்னேன். “நேத்தாவது சொன்னீங்களே” என்று மட்டும் சொன்னாள்.

அக். 13, செவ்வாய்

திருச்சி. ராமையாவிடமும் மறைக்கவில்லை. திட்டினார். திட்டிக்கொண்டே புதுத் தட்டு கடைந்தார். பிறகு அளவு கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, “வா, நானே வந்து ஓட்டை போடுறேன்” என்று என்னோடு பஸ் ஏறினார். வந்ததும் வேலை. ஆறு போல்ட்டும் கையாலேயே இறங்கின.

அக். 15, வியாழன்

தூறல் விட்டுவிட்டு. நேற்றுப் புதுக் கிளச் தட்டு போட்டுப் பூட்டினேன்.

பத்து மணிக்குக் கா.பாய் வந்தார். நான் கூப்பிட்டு அனுப்பவில்லை. கேஜைக் காட்டி, “இதுல எதப் பாக்கணும்?” என்றார். காட்டினேன். “சுத்து.” சுற்றினேன். இரண்டு கோடு. “இன்னொரு தடவ.” இரண்டு. ஐந்து தடவை சுற்றச் சொன்னார்.

நார்த்தாமலை வரை ஓட்டிப் போனோம். மூன்றாவது கியர், நாலாவது கியர். ஊளை இல்லை. இருந்தாலும் என் காது அடியிலேயே கிடந்தது.

திரும்பும்போது சொன்னார், “ஜமீலா கேக்குறா, அந்த மெக்கானிக்கு ஏன் அன்னைக்கு நடுரோட்டுல நின்னு அப்புடி அழுதாருன்னு.”

நான் அழுதது எனக்குத் தெரியாது.

நாளைக் காலை ஏழு மணிக்கு அவளைத் திருச்சி ஆஸ்பத்திரியில் காட்டக் கூட்டிப் போகிறார். இந்தக் காரில்தான். என்னையும் முன்சீட்டில் வரச் சொல்லியிருக்கிறார். பயமாகத்தான் இருக்கிறது. போகிறேன்.