யாழினி பெரம்பலூருக்குப் படிக்கப் போனாள்

என் பிரியத்துக்குரிய யாழினி அப்பாவுக்கு,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கடிதத்திலும் அது வரவில்லை. அதனால் இப்படியே எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

முதலில் நல்ல சேதி. உங்கள் மகள் பெரம்பலூரில் பதினோராம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். அறிவியல், கணக்கு, கம்ப்யூட்டர் இவற்றுக்கென்றே நடத்துகிற, தங்கிப் படிக்கும் பள்ளி. லாரிக்கு டீசல் போட்டுவிட்டு வந்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அவளிடம் கணக்குக் கேட்பீர்களே, அந்தப் பெண் பரீட்சை எழுதிப் பிடித்த இடம். ஆனால் அவளை அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உங்கள் அண்ணன்தான் முதலில் தடுத்தார். "தம்பி போயி இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள வூட்டுப் புள்ளைய வெளியூருல விடக்கூடாதும்மா. உடையார்பாளையத்துலயே படிக்கட்டும்" என்றார். வருஷம் முடிகிறவரை அந்தப் பள்ளி இடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்குமா? ஆனால் இன்று எங்களுக்கு ஒன்றென்றால் ஓடி வருகிறவர் அவர்தான். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. யாழினியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அழவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பள்ளியில் சேரக் கடைசி நாள் நெருங்கியதும் நேராக அவர் வீட்டுக்கே போய்விட்டேன். எனக்குக் கோபம் வந்தால் எப்படி என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

"உங்க தம்பி இருந்தா இப்படித் தடுப்பீங்களா மாமா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானாம்மா தடுத்தேன்? யாழினிதான் வந்து, 'பெரியப்பா, நீங்க வேணாம்னு சொன்னா அம்மா கேட்டுக்கும், சொல்லிருங்க'ன்னு கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

வீட்டுக்கு வந்து அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஏண்டி, அந்தப் பள்ளிக்கூடம் புடிக்கலையா?"

"புடிச்சிருக்கும்மா."

"அப்புறம் என்ன? தனியா இருக்க எனக்கென்ன பயமா?"

"பயம் இல்ல. நான் இல்லன்னா நீ சோறாக்க மாட்டம்மா."

உண்மைதானே? நீங்கள் இல்லாத வீட்டில் அவள் பசிக்காகத்தான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். என் ஒரு வாய்ச் சோற்றுக்காகத் தன் படிப்பையே விடத் துணிந்தாளே, இந்தக் கவலை அந்த வயதில் ஒரு பிள்ளைக்கு வரலாமா? அன்று நான் உங்களுக்காக அழவில்லை, அவளுக்காக அழுதேன். "நான் சாப்பிடுறேன்டி, நீ போ" என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன்.

அண்ணனும் கூட வந்து சேர்த்துவிட்டார். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மனுஷர் தோளில் கிடந்த துண்டையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். உள்ளே போனதும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாழினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று!

நேற்று போனில் பேசினாள். தரையில் கோடு போட்டால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடும் சின்ன வண்டி ஒன்று செய்கிறார்களாம். இவள் வண்டி மட்டும் வளைவில் கோட்டை விட்டு ஓடிவிடுகிறதாம். "அப்பா இருந்தா, வளைவுல வேகத்தக் கொறைடின்னு சொல்லிருப்பாரும்மா" என்றாள். குறைத்துப் பார்க்கப் போகிறாளாம்.

வைக்கும் முன் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள். "சாப்ட்டேன்" என்றேன். பொய்.

போனை வைத்துவிட்டு எழுந்துபோய் உலை வைத்தேன். எனக்கென்று மட்டும் ஆக்கிக் கை பழகவில்லை, மூன்று பேருக்கான சோறு ஆகிவிட்டது. தட்டைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.

இனி அவள் கேட்கும்போது பொய் சொல்ல மாட்டேன். உங்கள்மேல் ஆணை.

உங்கள்
யாழினி அம்மா