ஞாயிற்றுக்கிழமை வீடுகள்

பிப்ரவரி 5, ஞாயிறு

இன்றைக்குப் பார்த்தது ஆற்றங்கரை வீடு. நான்காவது மாடி, லிஃப்ட் உண்டு. கூடத்தில் நின்றால் பாலம் முழுக்கத் தெரிகிறது. அதன்மேல் ரயில் போனபோது நானும் என் கணவனும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். அதை வைத்தே புரோக்கர் எங்கள் தகுதியைக் கணித்திருப்பார். ஆனால் இவன் விடுவானா? சமையலறைக் குழாயைத் திறந்து மூடி, "தண்ணி கொஞ்சம் மெதுவா வருதே" என்று முகத்தைச் சுளித்தான். வாளியில் பிடித்து வைத்துக் குளிக்கிற மகாபிரபு கேட்கிற கேள்வி. சிரிப்பை அடக்க முடியாமல் நான் பால்கனிக்கு ஓடிவிட்டேன்.

எங்கள் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். உள்ளே இருக்கிற ஒரே மேசையில் இவன் படிப்பான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் வேறு இடம் தேடி ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். நமக்குக் கட்டுப்படியாகாது என்று தெரிந்த பிறகும் அந்த வீட்டு மொட்டைமாடியில் நின்று ஊரையே பார்த்தோம். எதைப் பார்க்கவும் டிக்கெட் கேட்கிற ஊரில் இது ஓசி. அன்றிலிருந்து வாடகைக்கு எடுக்கிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் ஒரு வீடு. சட்டதிட்டம் உண்டு: ஒரே பேட்டைக்கு இரண்டு முறை போகக் கூடாது. வயதான புரோக்கரை மாடி ஏற விடக் கூடாது.

பார்த்த வீட்டை விட்டுக் கிளம்பும் முன் நான் கேட்பேன்: "என் மேசை எங்க?" இவன் ஓர் இடம் தேர்ந்தெடுத்து, அங்கே போய் நின்று காலால் தட்டுவான். இன்று பாலம் தெரிகிற ஜன்னலோரம் தட்டினான். இதுவரை தட்டியதிலேயே இதுதான் நல்ல இடம்.

பிப்ரவரி 9, வியாழன்

லேபில் அச்சுகள் மலையாகக் குவிந்துவிட்டன. பல் டாக்டர்கள் எல்லோரும் சொல்லிவைத்துக்கொண்டு அனுப்புகிறார்கள் போல. வாயில் எடுத்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் பிரித்து, சக்கரத்தில் ஓரம் சீவுவது என் வேலை. அதன்மேல் மெழுகு வைத்துப் பல்வரிசை கட்டுவது பக்கத்தில் உட்காரும் அக்கா. மெழுகு அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "ஊர்ல பாதிப் பேர் நம்ம கையாலதான் சிரிக்கிறாங்க" என்பார். இருக்கலாம். நம் சிரிப்பை யார் கட்டித் தருவது?

நகக்கண்ணில் ஏறின பிளாஸ்டர் போகமாட்டேன் என்கிறது. அது என்ன உப்பு, தண்ணீர் பட்டால் ஏன் சூடாகிறது என்றெல்லாம் சொல்வேன். வேதியியல் பட்டத்தால் இப்போதைக்கு இவ்வளவுதான் பயன்.

பேச்சு என்னவோ தெளிவான பேச்சு. முதலில் இவன் படிப்பான், நான் சம்பாதிப்பேன். இவன் முடித்ததும் இவன் வேலைக்குப் போவான், நான் முதுகலை சேருவேன். எனக்குக் கிடைத்த இடத்தைக் கல்லூரியில் ஒரு வருடம் தள்ளி வைத்துத் தந்திருக்கிறார்கள். இன்னொரு முறை தள்ள மாட்டார்கள். ஏப்ரல் 28க்குள் சேருகிறேன் என்று சொல்லியாக வேண்டும். இவன் படிப்பு மே மாதம் முடிகிறது. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 26, ஞாயிறு

குளியல் தொட்டி வைத்த வீடு. காலி தொட்டிக்குள் இவன் செருப்போடு படுத்துக்கொண்டான். புரோக்கர் அம்மாள் வந்து எட்டிப் பார்த்தார். "உயரத்துக்குச் சரியா இருக்கான்னு பாக்கறேங்க" என்றான் கூச்சமே இல்லாமல்.

என் மேசையை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. "ம்? எங்க வேணாலும் போடு." தட்டவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

இவனுக்குக் கல்லூரியில் வேலை. வீடு இல்லை.

மார்ச் 12, ஞாயிறு

இன்றும் இல்லை. துணி துவைத்தேன். உலர்த்தினேன். மறுபடியும் படுத்தேன்.

மார்ச் 22, புதன்

அம்மா போன். மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாரா, இளைத்துவிட்டாரா, தூங்குகிறாரா. மாப்பிள்ளை புராணம் முடிந்து என்னிடம் வர வெகுநேரம் ஆயிற்று. "அவர் படிப்பு முடிஞ்சதும் நீ வேலைய விட்டுடலாம்ல. கால் வலிக்குதுன்னு சொல்றியே." நான் படிக்கப் போகிறேன் என்றேன். "இனிமேயா?" என்றாள்.

இனிமேல்தான் அம்மா. எனக்கு இருபத்தைந்துதான் ஆகிறது.

இதை இவனிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று வந்தேன். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னடா என்றால் ஒன்றுமில்லை என்றான். ஒன்றுமில்லாமலா ஒருத்தன் அப்படி உட்காருவான்?

ஏப்ரல் 2, ஞாயிறு

வீம்புக்குத் தனியாகப் போனேன். பூங்காவைப் பார்த்த வீடு. "சார் வரலையா?" என்று புரோக்கர் மூன்று தரம் கேட்டார். பூங்கா நன்றாகத்தான் இருந்தது. மேசை எங்கே என்று யாரைக் கேட்பது? பாதியிலேயே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 16, ஞாயிறு

எழுதவா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

இன்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இந்த முறை இடம் என் தேர்வு என்றேன். இவன் கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற பேட்டை. நாங்கள் பார்க்காதது. போன மாதம் பேருந்தில் போகும்போது வரிசையாக டூ-லெட் போர்டு பார்த்து வைத்திருந்தேன். "அங்க என்ன இருக்கு? வேற பக்கம் போலாமே" என்றான். தினம் போகிற இடம் என்று சலித்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். நான் ஒரு மண்டு.

புரோக்கர் இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. எங்களைப் பார்த்ததும் நேராக இவனிடம், "என்ன சார், செவ்வாய்க்கிழமைதானே பேசி முடிச்சோம், அட்வான்ஸ்ல ஏதாவது சந்தேகமா?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார். "குடும்பமா வரீங்களா? சொல்லவே இல்லையே சார். ஒத்தை ஆளுன்னுதானே ஓனர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

இவன் காது இரண்டும் சிவந்துவிட்டன.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. "பரவாயில்லைங்க. அந்த ரூம ஒரு தடவை காட்டுங்க" என்றேன். காட்டினார். சின்ன அறைதான், சுத்தமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மரம். குழாயைத் திறந்தேன். தண்ணீர் நன்றாக வந்தது. ஒரு கட்டில், ஓர் ஆணி, ஓர் ஆள். நான் போய் ஜன்னலுக்கு அடியில் நின்று காலால் தட்டினேன்.

"இங்க போட்டுக்கோ. உன் மேசை."

ஏப்ரல் 17, திங்கள்

லேபில் இரண்டு அச்சை உடைத்துவிட்டேன். முதலாளி கத்தினார். கத்தட்டும்.

நேற்று பேருந்து நிறுத்தத்தில் வைத்துத்தான் சொன்னான். பேராசிரியர் அவனை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறாராம். சரி என்றுவிட்டானாம்.

"எத்தனை வருஷம்?"

"மூணு. நாலும் ஆகலாம்."

"எப்ப சரின்ன?"

"ஜனவரில."

ஜனவரி. அப்படியென்றால் ஆற்றங்கரை வீட்டில், பாலத்தைப் பார்த்த ஜன்னலோரம் எனக்காகக் காலால் தட்டியபோது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தட்டினான். அவ்வளவு நல்ல இடமாப் பாத்து ஏன்டா தட்டின?

சரி, படி. வேண்டாம் என்று நான் சொல்வேனா? தனி ரூம் எதுக்கு? அதைத்தான் கேட்டேன். அதற்கு அவன் சொன்னது: "சாயங்காலம் ஆனா கட்டில்ல உக்காந்து என் முதுகையே பாத்துட்டு இருக்க. ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கிற. எப்ப எழுந்திருப்பேன்னு வரிசைல நிக்கிற மாதிரி இருக்கு. உன் முன்னாடி ஒரு பக்கம் ஓடல எனக்கு. இதுல ஆராய்ச்சின்னு எப்படிச் சொல்லுவேன்?"

பாதி நாள் நான் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்கச் சக்கரத்தின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவளுக்குக் கண் திறந்திருந்தால் பார்க்கிறாள் என்று அர்த்தமா? அதைச் சொன்னேன். நம்பவில்லை.

மீதிப் பாதி நாள் வரிசையில்தான் நின்றேன். ஆமாம். அதுல என்ன தப்பு? முறைன்னு பேசினது யாரு?

ஏப்ரல் 20, வியாழன்

"நீயும் சேரு, எப்படியாவது பாத்துக்கலாம்" என்கிறான். எப்படியாவது! வகுப்பும் பகலில், லேபும் பகலில். அவன் உதவித்தொகை அவன் அறை வாடகைக்கே இழுபறி. இந்த எப்படியாவது என்கிற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைக்கட்டும்.

மெழுகு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் டீயில் பாதியை என் தம்ளரில் ஊற்றினார். கழிவறைக்குப் போய் அழுதேன். கண்ணைத் துடைத்ததில் பிளாஸ்டர் பட்டு இன்னும் எரிகிறது.

ஏப்ரல் 28, வெள்ளி

இன்று கடைசி நாள். கல்லூரி அலுவலகம் மூடுகிற நேரத்தில் நான் யாரோ ஒருவரின் கீழ்த்தாடையைச் சீவிக்கொண்டிருந்தேன்.

மே 7, ஞாயிறு

போய்விட்டான். ஒரு பெட்டி, இரண்டு அட்டைப்பெட்டி. சண்டை எதுவும் இல்லை. டாக்ஸி வருகிற வரை நான் அவன் சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை அம்மாவிடம் சொன்னால் அடிப்பாள்.

"பிரியறோம்னு இல்ல. கொஞ்ச நாள்" என்றான். தலையாட்டினேன். என்னையும் நம்பச் சொல்கிறான், அவனும் நம்பப் பார்க்கிறான். இரண்டு பேருக்கும் வரவில்லை.

மேசையை விட்டுவிட்டுப் போனான். "நீ வச்சுக்க. படி" என்றான். எதைப் படிக்க? காய்கறி வைத்திருக்கிறேன் அதன்மேல்.

மே 14, ஞாயிறு

வரவில்லை. வருவதாகச் சொல்லவும் இல்லை.

மே 23, செவ்வாய்

பேருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தபோது அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். நான்காவது மாடி, திரைச்சீலை போட்டுவிட்டார்கள். யாரோ குடிவந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வேறு யாரோ இருப்பது போல எனக்கு ஆத்திரம் வந்தது. என்ன பைத்தியக்காரத்தனம். இந்த ஊரில் இனி எந்தத் தெருவில் போனாலும் இப்படி ஒரு வீடு இருக்கும். ஞாயிறு தவறாமல் போய் நாங்களே செய்துவைத்த வேலை.

ஜூன் 1, வியாழன்

ஒரு சம்பளத்தில் இந்த அறை தாங்காது. காலி செய்கிறேன் என்று கீழ்வீட்டு ஓனரம்மாவிடம் சொன்னேன். "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்றார். படிக்கிறார் என்றேன். பொய் இல்லையே.

லேப் பக்கத்தில் பெண்கள் விடுதி. ஓர் அறையில் நாலு கட்டில். என் கட்டில் கதவோரம்.

ஜூன் 10, சனி

மூட்டை கட்டினேன். அடியில் பெருக்குவதற்காக, ஜன்னலோரம் கிடந்த கட்டிலைத் தனியாகத் தள்ளினேன். இரண்டு வருடத்தில் முதல் முறை அது இடம் மாறியது. எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. திருப்பிப் போடத் தெம்பில்லாமல் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன், ஜன்னலுக்கு அடியில் அவ்வளவு இடம் காலியாக இருந்தது. ஒரு மேசையும் நாற்காலியும் தாராளமாகப் போடலாம்.

ஊர் முழுக்கப் பார்த்தோமே.

ஜூன் 11, ஞாயிறு

காலையில் ஓனரம்மா ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு வந்தார், அறையைக் காட்ட. புதுசாகக் கல்யாணமானவர்கள். படி ஏறும்போதே இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டு வந்தார்கள். நம்ம ஆட்களோ, சும்மா பார்க்க வந்தவர்களோ என்று ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன். அப்புறம் தோன்றியது: இந்த அறையைச் சும்மா பார்க்க யார் வருவார்கள்? உண்மையாகவே எடுக்கத்தான் வந்திருக்கிறார்கள், பாவம்.

அந்தப் பெண் ஜன்னலைத் திறந்தாள். சுவரைப் பார்த்தாள். "பரவால்ல, வெயில் வராது" என்றாள் அவனிடம். அவன் நேராகப் போய் மேசை முன்னால் உட்கார்ந்து, கையை ஊன்றி, ஆடுகிறதா என்று பார்த்தான். ஆடவில்லை.

"மேசைய எடுத்துட்டுப் போறீங்களாக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லம்மா. போற இடத்துல வைக்க முடியாது."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இவருக்குத்தான் வேணும். இந்த வருஷம் இவர் சேர்றார். நான் அப்புறம்" என்றாள். 'அப்புறம்' என்பதை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு என்னென்னவோ சொல்ல வந்தது. முன்பின் தெரியாதவள் மூஞ்சியில் அடிக்கிற மாதிரி என்ன பேசுவது? ஓனரம்மா வேறு நிற்கிறார். பெட்டியை மூடினேன். திறந்தேன். மறுபடியும் மூடினேன்.

"ஒரு மேசை போதாதும்மா" என்றேன். "இப்பவே இன்னொண்ணு போட்டுடுங்க."

அந்தப் பையன் அறையை ஒரு சுற்றுப் பார்த்தான். "இதுல இடம் எங்கக்கா இருக்கு?"

நான் எழுந்து போய், ஜன்னலுக்கு அடியில் நின்று, காலால் தட்டினேன்.