முழங்கால் புண்ணும் ரத்தத்தில் ஏறிய அளவும்

என்னங்க, நேற்று சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். லேப்பில் இருந்த பெண் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும், அந்த வாடையில் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் ரத்தப் பரிசோதனை என்றாலே எனக்கு இந்தப் பாடுதான்.

தாம்பரத்தில் இதய டாக்டரைப் பார்க்க அலைந்தோமே, அந்த நாட்கள். உங்கள் பலவீனமான இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது, நெஞ்சில் ஒரு கருவி வைத்தால் சீராகும் என்றார். தேதியும் குறித்தாயிற்று. அதற்குள் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"எங்கயாவது புண், காய்ச்சல் இருக்கா சார்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றீர்கள், ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி.

அப்படியானால் இதயமே மோசமாகிறதோ என்று அவர் யோசித்தார். இந்த அளவு ஏறியவர்களுக்குக் கருவி வைத்தாலும் பலன் குறையலாமாம். ஊரப்பாக்கம் வரும்வரை ரயிலில் அந்த ரிப்போர்ட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நீங்கள் பேண்ட் மாற்றும்போதுதான் பார்த்தேன். இரண்டு முழங்காலிலும் சீழ். ஆபரேஷன் நல்லபடி நடக்க வேண்டுமென்று, எனக்குத் தெரியாமல் மாதா கோயிலை முழங்காலால் சுற்றி வந்திருக்கிறீர்கள்.

"வேண்டுதலைப் போயி டாக்டர்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"மாதா கேட்டாங்களா, முட்டியத் தேய்ச்சிக்கிட்டு வரச்சொல்லி?" என்று கத்தினேன். கத்தும்போதே உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். புண்ணால்தான் ஏறியிருக்கிறது, இதயத்தால் இல்லை.

"இந்தப் புண்ணோட கருவி வெச்சிருந்தா கிருமி அதுல போய் ஒட்டியிருக்கும் சார்" என்று டாக்டர் உங்களைக் கடிந்துகொண்டார். புண் ஆறியது, அளவும் இறங்கியது, கருவியை வைத்தார்கள். பிறகு ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டை நிற்காமல் ஏறிவிட்டு, மேலே நின்று, "என்ன டீச்சர், வயசாயிடுச்சா?" என்று என்னைக் கேலி செய்தீர்கள். அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழத் தோன்றியது எனக்கு.

அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, சி.ஆர்.பி. மறுபடி ஏறியது. நீங்கள் அசந்து தூங்கிய ஒரு மத்தியானம் வேட்டியை விலக்கி முழங்காலைப் பார்த்தேன். பாதம், முதுகு, கருவி வைத்த தழும்பு எல்லாம் பார்த்தேன். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

இன்றைக்கும் பேரனுக்குக் காய்ச்சலென்றால் மருந்தைத் தேடுவதற்கு முன் அவன் உடம்பைத்தான் தடவிப் பார்க்கிறேன். எங்காவது ஒரு புண் தட்டுப்பட்டால்தான் எனக்கு மூச்சு வருகிறது.