கரடு ஏறாத ஷூ

அன்பு மகள் ஆனந்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சுகமாக இருக்கிறோம், டேராடூன் குளிரில் உன் மூக்கடைப்பு விட்டு, நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். உன் கல்லூரியின் ஆறு நாள் மலையேற்றத்துக்கான சம்மதப் படிவம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் உன் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நீயும் மூன்று தடவை சொல்லிவிட்டாய். தாமதத்துக்கு என் பயம் பாதிக் காரணம், மீதி உன் லிங்கராஜ் சித்தப்பா. போனில் சொன்னால் உங்கப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அதனால் படிவத்தோடு இதையும் வைக்கிறேன்.

தீபாவளிக்குச் சித்தப்பாவும் ஜெயப்பிரியா சித்தியும் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்கள். வந்த அன்றே சித்தப்பா, பிள்ளையை மலைக்கு அனுப்பாதே என்று உங்கப்பாவுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு. மறுநாள் அவரே நம் ஆலங்கரட்டுக்குப் போவோம் என்றார், புது ஷூவைப் பழக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் மூவரும் ஏறிய பாறைக் குன்று அந்தக் கரடு. நீ பெரியவளான வருஷம், வயசுப் பிள்ளைக்குக் கரட்டில் என்ன வேலை என்று ஒரே போனில் அதை நிறுத்தியவரும் இவர்தான். உங்கப்பா தலையாட்டினார், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டே பி.எஸ்ஸி. முடித்த நானும் வாயை மூடிக்கொண்டேன். ஏழு வருஷம் கழித்து அதே வாய் போவோம் என்றதும் உங்கப்பா என்னைப் புளிச்சோறு கட்டச் சொல்கிறார்.

முந்தின நாள் நல்ல மழை. ரோட்டிலிருந்து கரட்டடி வரை கரிசல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நானும் உங்கப்பாவும் சித்தியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, உளுந்துக் காட்டை ஒட்டிய பொழி வரப்பில் புல் பார்த்து மிதித்துப் போனோம், பத்து வயதில் நீ போன மாதிரியே. சித்தப்பா மட்டும், இது ட்ரெக்கிங் ஷூ அண்ணி, வழுக்கவே வழுக்காது என்று நடுக்காட்டில் இறங்கினார். வழுக்கவில்லைதான். பத்து எட்டில் மண் அப்பி ஒவ்வொரு காலும் பூசணிக்காய் அளவு ஆயிற்று, இருபதாவது எட்டில் கால் மட்டும் வந்தது, ஷூ மண்ணிலேயே நின்றது, அவர் குப்புற விழுந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சொர்ணத்தாய், அண்ணாச்சி, எங்க பிஞ்சைக் காட்டு மண்ண முழுசாக் காலுல கட்டிக்கிட்டு எங்கன போறீய, வெதச்ச உளுந்தையாவது வச்சிட்டுப் போங்க என்றாள். நான் சேலை முந்தியைக் கடித்துக்கொண்டு சிரித்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார், தம்பிக்குக் காவலாக உங்கப்பாவும். நானும் சித்தியும்தான் ஏறினோம். பாதையில் முள் மண்டியிருக்கிறது, ஆனால் நீ கரண்டியால் உன் பெயரைக் கீறிய பாறை அப்படியே இருக்கிறது. சுனையில் காலை விட்டுக்கொண்டு சித்தி, அவிய கீழ உக்காந்திருக்கது எனக்கு எம்புட்டு நல்லாருக்கு தெரியுமாக்கா, ஆனந்திய விட்டிருங்க, போயிட்டு வரட்டும் என்றாள். பதினைந்து வருஷத்தில் அவள் தானாகப் பேசிக் கேட்டது அன்றைக்குத்தான்.

இறங்கி வந்தால் சித்தப்பா, இங்கனயே இந்தப் பாடுன்னா அங்கன ஒரு பொம்பளப் பிள்ள என்ன செய்யும், நீயே சொல்லுண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தார். உங்கப்பா தம்பியின் ஷூவை மடியில் வைத்துக் குச்சியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இருபது வருஷமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் அருவருப்பாக இருந்தது. இருபது எட்டில் விழுந்த இந்த மனிதர் சொன்னதற்கா ஏழு வருஷம் ஒரு கரட்டை விட்டுக்கொடுத்தோம்? வீட்டுக்கு வந்து கை கால் கழுவும் முன்பே படிவத்தை எடுத்து அண்ணன் தம்பி இருவர் முன்னாலும் கையெழுத்துப் போட்டேன். பெற்றோர் ஒருவர் போட்டால் போதும் என்றுதான் அதில் இருக்கிறது. உங்கப்பா இரண்டு நாளாகப் பேசவில்லை, பேசுவார்.

பயம் எனக்குப் போகவில்லை, ஆனந்தி. ஈரப் பாறையில் அவசரப்படாதே, உள்ளூர்க்காரர்கள் மிதிக்கிற இடத்தில் மிதி, சிக்னல் கிடைத்த இடத்தில் ஒரு வார்த்தை அனுப்பு. சாமி உனக்குத் துணையாக இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு வா. படிவத்தின் ஓரத்தில் இருக்கும் கறுப்பு விரல் தடம் கரிசல் மண், அழித்துப் பார்த்தேன், போகவில்லை, அப்படியே கொடுத்துவிடு.

என்றும் உன் நினைவாக,
அம்மா தங்கமாரி